மூலைவிட்டத்தைக் கேட்ட மேதை பாஸ்கராச்சாரியார்

சென்ற ஆண்டு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தையார், தங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிக் கிடந்த ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்க எண்ணினார். விற்பவர் கயிறு பிடித்து நான்கு பக்கமும் அளந்து காட்டினார். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாகவே இருந்தன. நீளம் 120 அடி, அகலம் 90 அடி. பெருக்கினால் 10,800 சதுர அடி. ஏறக்குறைய இருபத்து நாலே முக்கால் சென்ட். நம் தோழியும் நோட்டில் பெருக்கிப் பார்த்து, கணக்குச் சரிதான் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

மறுநாள் இதை வகுப்பில் அவள் பெருமையாகச் சொன்னபோது, எங்கள் கணித ஆசிரியையான சிஸ்டர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூலைக்கு மூலை அளந்தீர்களா என்றார். அளக்கவில்லை. அன்று சிஸ்டர் பாடப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எங்களுக்குச் சொன்ன வரலாறுதான் பாஸ்கராச்சாரியாருடையது. கணக்கு என்றாலே வேப்பங்காய் என்றிருந்த எங்களில் சிலரும் அன்று மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

பாஸ்கராச்சாரியார் பிறந்தது 1114ஆம் ஆண்டில். சஹ்யாத்ரி மலையை அடுத்த விஜ்ஜடவிடம் என்னும் ஊரைச் சேர்ந்தவர். சஹ்யாத்ரி என்றதும் ஏதோ தொலைதூரத்து மலை என்று எண்ணிவிட வேண்டாம். நம் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேற்கே நீலநிறமாய்த் தெரிகிறதே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதிக்குத்தான் அந்தப் பெயர். தந்தையார் மகேசுவரர் ஒரு பேரறிஞர்; மகனுக்கு ஆசிரியரும் அவரே. ஏழாம் நூற்றாண்டில் பாஸ்கரர் என்ற பெயரில் இன்னொரு கணித அறிஞரும் வாழ்ந்ததால், நம்முடையவரை இரண்டாம் பாஸ்கரர் என்று அழைப்பதுண்டு.

முப்பத்தாறாம் வயதில், 1150இல், 'சித்தாந்த சிரோமணி' என்ற நூலை அவர் வடமொழிச் செய்யுளில் எழுதினார். அதில் நான்கு பகுதிகள். முதல் பகுதி 'லீலாவதி'. அது எண்கணிதமும் அளவைகளும் பற்றியது. இரண்டாவது 'பீஜகணிதம்', அதாவது இயற்கணிதம். மற்ற இரண்டும் கோள்களின் இயக்கத்தையும் கோளத்தையும் பற்றியவை. தம் பிறந்த ஆண்டையும், நூல் எழுதிய வயதையும் அவரே அதில் குறித்து வைத்திருக்கிறார். பழங்கால அறிஞர் பலருக்குப் பிறந்த நூற்றாண்டே சரியாகத் தெரியாத நிலையில், இது எவ்வளவு பெரிய உதவி!

லீலாவதி என்பது ஒரு பெண்ணின் பெயர் அல்லவா? அவள் பாஸ்கரரின் மகள் என்று ஒரு கதை வழங்குகிறது. நல்ல முகூர்த்தத்தில் மணம் நடக்க வேண்டும் என்று நீர்க்கடிகாரம் வைத்துக் காத்திருந்தார்களாம். எட்டிப் பார்த்த மணப்பெண்ணின் முத்து ஒன்று அதில் விழுந்து துளையை அடைத்துவிட, முகூர்த்தம் தவறிவிட்டதாம். மகளின் துயரை ஆற்றவே தந்தை அவள் பெயரில் நூல் செய்தார் என்று கதை முடிகிறது. அக்பரின் அவைப் புலவர் பைஸி 1587இல் இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது இக்கதையைச் சொல்லியிருக்கிறார். பாஸ்கரரோ அதைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. திருமணம் தவறியதற்கு ஆறுதல் கணக்கா என்று எங்களில் சிலர் சிரித்தோம். ஆனால் கதையை விட்டுவிட்டாலும் ஒன்று நிற்கிறது. அந்நூலின் கணக்குகள் சிலவற்றில் அவர் மான்விழியாளே என்று ஒரு பெண்ணை விளித்தே கேள்வி கேட்கிறார். எங்களுக்கு அதுவே போதும்.

இனி மூலைவிட்டத்துக்கு வருவோம். லீலாவதியில் உள்ள ஒரு கணக்கைச் சிஸ்டர் கரும்பலகையில் எழுதினார். செங்கோண முக்கோணம் ஒன்றின் கர்ணம் 17, மற்ற இரு பக்கங்களையும் கூட்டினால் 23, பக்கங்கள் எவை? செவ்வகத்தின் மூலைவிட்டம்தானே அந்தக் கர்ணம்! கூட்டுத்தொகையான 23இன் வர்க்கம் 529. அதற்குள் நீளத்தின் வர்க்கமும், அகலத்தின் வர்க்கமும், பரப்பைப் போல் இரு மடங்கும் அடங்கியுள்ளன. முதல் இரண்டும் சேர்ந்தால் மூலைவிட்டத்தின் வர்க்கம், 289. கழித்தால் 240. அதில் பாதி 120. பக்கங்கள் 15, 8 என்று காண்பதற்கு முன்பே செவ்வகத்தின் பரப்பு நம் கைக்கு வந்துவிட்டது!

மூலைவிட்டம் மட்டும் தெரிந்தால் போதுமா என்று பின் வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். அதற்கும் அந்நூலிலேயே விடை இருக்கிறது. கர்ணம் 85 என்று மட்டும் கொடுத்து, பக்கங்கள் 68, 51 ஆகவும் வரலாம், 75, 40 ஆகவும் வரலாம் என்று பாஸ்கரர் காட்டுகிறார். பெருக்கிப் பார்த்தோம். முதல் செவ்வகத்தின் பரப்பு 3,468. இரண்டாவதன் பரப்பு 3,000. மூலைவிட்டம் ஒன்றுதான், பரப்போ வேறு. ஆகவே மூலைவிட்டத்தோடு ஒரு பக்கமோ, பக்கங்களின் கூட்டுத்தொகையோ, வேறொரு துணையோ வேண்டும்.

அப்படியானால் நான்கு பக்கமும் தெரிந்தால் போதாதா? இங்கேதான் பாஸ்கரருக்குக் கோபம் வருகிறது. நான்கு பக்கமும் 25 உள்ள ஓர் உருவத்தை எடுத்துக்கொள்கிறார். மூலைவிட்டங்கள் 30, 40 என்றால் பரப்பு 600. 14, 48 என்றால் 336தான். சதுரமாக நின்றால் 625. பக்கம் மாறவில்லை; உருவம் சாய்ந்துவிட்டது, அவ்வளவே. மூலைவிட்டத்தையோ செங்குத்தையோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவன் ஒரு பிசாசு, அதற்கு விடை சொல்பவன் அவனைவிடப் பெரிய பிசாசு என்று கடிந்துகொள்கிறார்!

628ஆம் ஆண்டிலேயே பிரம்மகுப்தர், நான்கு பக்கங்களைக் கொண்டு பரப்புக் காணும் சூத்திரம் ஒன்றைத் தந்திருந்தார். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தில் அமையும் உருவத்துக்கு அது முற்றிலும் சரி. செவ்வகம் அப்படிப்பட்டதே. பாஸ்கரர் இந்த நுட்பத்தைக் கவனிக்காமல் அச்சூத்திரத்தைச் சரியல்ல என்று ஒதுக்கியது, அந்த முன்னோருக்கு இழைத்த அநீதி என்றே எங்களுக்குப் படுகிறது. மேதைகளும் சில இடங்களில் அவசரப்படுவார்கள் போலும்.

விடை சொன்ன பெரிய பிசாசு யார் என்று எல்லோரும் நம் தோழியைத் திரும்பிப் பார்த்தோம். பாவம், அவள் முகம் சிவந்துவிட்டது. அன்று மாலையே தந்தையாரை அழைத்துக்கொண்டு கயிற்றோடு போனாள். வேலிச் செடியும் வாழையும் மறைத்ததால் நிலத்தின் சாய்வு கண்ணுக்குப் புலப்படவில்லை. நிலம் செவ்வகமாக இருந்தால் இரு மூலைவிட்டங்களும் 150 அடி இருக்க வேண்டும். ஒன்று 180 அடி இருந்தது. மற்றது 112 அடிதான். 120, 90, 180 என்று இரு முக்கோணங்களாகப் பிரித்து, ஒன்பதாம் வகுப்பில் படித்த ஹெரான் சூத்திரத்தைப் போட்டாள். வந்தது ஏறக்குறைய 9,599 சதுர அடி. இரண்டே முக்கால் சென்ட் குறைவு! நில அளவைத் துறையின் புலப்படத்தில் நிலத்துக்குள் குறுக்கே கோடு கிழித்து அளவு எழுதியிருப்பது ஏன் என்பதும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. விற்பவரும் மறுபடி அளந்து பார்த்து, இருபத்திரண்டு சென்ட்டுக்கே விலை பேச ஒப்புக்கொண்டார்.

பாஸ்கரரின் மற்ற சாதனைகளைச் சொல்லப் புகுந்தால் இந்த மலர் போதாது. ஓர் எண்ணின் வர்க்கத்தை 61ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் இன்னொரு முழு வர்க்கம் வர வேண்டும் என்ற புதிரை அவர் விடுவித்தார். அந்த எண் 22,61,53,980. ஐந்து நூற்றாண்டுகள் கழித்து, 1657இல், பிரான்சின் பெர்மா அதே புதிரை ஐரோப்பிய அறிஞர்களுக்குச் சவாலாக விடுத்தார். நம் நாடு 1979இலும் 1981இலும் விண்ணுக்கு அனுப்பிய செயற்கைக் கோள்களுக்குப் பாஸ்கரா என்றே பெயர்.

அறுபத்தொன்பதாம் வயதிலும், 1183இல், 'கரண குதூகலம்' என்ற வானியல் நூலை அவர் எழுதினார். அவருடைய மகன் லட்சுமிதரரும், பேரன் சாங்கதேவரும் யாதவ மன்னர்களின் அவையில் அறிஞர்களாக விளங்கினார்கள். பாட்டனாரின் நூல்களைக் கற்பிப்பதற்கென்றே சாங்கதேவர் ஒரு கல்விச்சாலை அமைத்தார். மகாராஷ்டிரத்தில் சாலிஸ்காவ் அருகே பாட்டண் என்ற ஊரில் கிடைத்த 1207ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதைச் சொல்கிறது.