பருப்பு மாத்தயா: என்.எம். பெரேராவும் எங்கள் தோட்டங்களும்

1954 இல் கொழும்பு மாநகர சபை இடதுசாரிகளின் கைக்கு வந்தபோது மேயரானவர் கலாநிதி என்.எம். பெரேரா. அன்று அந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்களிலும் மலக்கூடங்களைக் கழுவியவர்களிலும் பெரும்பாலானோர் இந்திய வம்சாவளித் தமிழர்கள். ஆறு வருடங்களுக்கு முன் பிரஜாவுரிமையை இழந்த மக்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற சிங்களத் தலைவர்களில் முக்கியமானவர் இவர்.

1905 இல் பிறந்து, லண்டனில் ஹரோல்ட் லஸ்கியிடம் படித்துக் கலாநிதிப் பட்டத்தோடு திரும்பியவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது படிப்பல்ல, பருப்பு. 1934 - 35 மலேரியாவில் கேகாலை மாவட்டம் பிணக்காடானது. கிராமம் கிராமமாக மருந்தும் பருப்பும் கொண்டுபோனார். சனங்கள் அவரை 'பருப்பு மாத்தயா' என்றார்கள். 1936 இல் ருவன்வெல்ல தொகுதி அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. பிறகு நீண்டகாலம் யட்டியாந்தோட்டையின் உறுப்பினராக இருந்தார்.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். சமசமாஜக் கட்சி தோட்டங்களுக்குள் வேர்விட்ட காலம் அது. அதே வருடம் பெரேராவும் தோழர்களும் சிறை வைக்கப்பட்டார்கள். 1942 இல் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போய், அங்கேயும் பிடிபட்டார்.

1956 இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, இரு மொழிக்கும் சம அந்தஸ்து வேண்டும் என்று அவருடைய கட்சி நின்றது. சிங்கள வாக்குகளை நம்பியிருந்த ஒரு கட்சிக்கு அது சின்ன விஷயமல்ல.

இதற்குப் பிறகுள்ள பக்கங்களை நம்மவர்கள் மறந்துவிடவில்லை. 1964 ஜூனில் சிறிமாவோ அரசாங்கத்தில் நிதியமைச்சரானார். அதே ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று, அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முடிவாயிற்று. 1966 ஜனவரி 8 ஆம் திகதி, தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் சமசமாஜிகளும் நடந்தார்கள். பத்து வருடத்தில் ஒரு கட்சி இவ்வளவு தூரம் வர முடியுமா என்று வியக்கத்தான் வேண்டும்.

1970 இல் மீண்டும் நிதியமைச்சு. உலகச் சந்தையில் உணவு விலை ஏற, பங்கீடு குறைந்தது. கிராமத்தவருக்குக் கொஞ்சம் வயல், ஒரு பலா மரமாவது இருந்தது. கோதுமை மா ரொட்டியே சாப்பாடாக இருந்த லயத்து மக்களுக்கு எதுவும் இல்லை. 1973, 74 இல் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. ஒரு காலத்தில் பருப்பு கொண்டுவந்தவர்தான் அப்போது திறைசேரிக்குப் பொறுப்பு. எல்லாப் பழியையும் அவர் தலையில் போடுவது நியாயமில்லை. எண்ணெய் விலையும் வறட்சியும் அவர் கையில் இல்லை. ஆனால் தோட்டத்துப் பட்டினி அந்த அமைச்சரவையின் மேசைக்கு எவ்வளவு பிந்திப் போனது என்பதை விட்டுவிடவும் முடியாது.

1975 இல் கூட்டணி முறிந்தது. 1977 தேர்தலில் அவர் தோற்றார், கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே இனக்கலவரம் சப்ரகமுவத் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. பட்டினியிலும் தீயிலும் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பிள்ளைகள்தான் பிறகு வன்னியில் போரையும் சுமந்தார்கள்.

பெரேரா 1979 ஓகஸ்ட் 14 ஆம் திகதி காலமானார்.