உல்லம் மீனுக்கு வழி கேட்டவர்: பிரான்சிஸ் டேயின் வாழ்க்கை

ஃபஹாஹீல் மீன் சந்தைக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்களுக்கு இது பழகிய காட்சி. ஐஸ் மேல் கிடக்கும் மீன்களைக் காட்டி இது ஸுபைதி, அது ஹாமூர், மற்றது சுபூர் என்று பிள்ளைகள் மளமளவென்று சொல்லிவிடுவார்கள். ஸுபைதி நம்மூர் வெள்ளை வவ்வால் என்பதோ, ஹாமூர் களவா இனம் என்பதோ, சுபூர்தான் தமிழகக் கரையின் உல்லம் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறிய மீன் புத்தகம் எழுதலாம் என்று உட்காருகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தப் பெயர்களில்தான். எந்த மீனுக்கு எந்தக் கரையில் என்ன பெயர்? தேடிக்கொண்டே போனால், 150 ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியோடு நமது கரைகளில் அலைந்த ஒரு மருத்துவரிடம் போய்ச் சேர்கிறோம். அவர் பெயர் பிரான்சிஸ் டே.

டே 1829 மார்ச் 2 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் மேர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பிறந்தார். இலண்டன் செயின்ட் ஜோர்ஜ் மருத்துவமனையில் மருத்துவம் படித்தார். 1852இல் கிழக்கிந்தியக் கம்பனியின் சென்னை மருத்துவப் பிரிவில் உதவி அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். கொச்சியில் பணியாற்றிய காலத்தில், வைத்தியம் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் வலைகளுக்குப் பக்கத்திலேயே நின்றார் என்று சொல்லலாம். கொச்சியின் வரலாறு பற்றி 1863இல் ஒரு நூலும், மலபார் மீன்கள் பற்றி 1865இல் ஒரு நூலும் எழுதினார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது காவிரி. சேர் ஆர்தர் கொட்டன் 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையும் கீழணையும் கட்டியதால் தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் உறுதியானது. அதே கொட்டன்தான் 1867இல், ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைகள் மீன்வளத்தைக் கெடுக்கின்றனவோ என்ற சந்தேகத்தையும் முதலில் எழுப்பினார். அதை விசாரிக்கும் பொறுப்பு டேயிடம் வந்தது.

உல்லம் கடலில் வாழ்ந்து ஆற்றில் முட்டையிடும் மீன். புதுவெள்ளம் வரும் பருவத்தில் நன்னீரின் ருசி பிடித்து ஆற்றை எதிர்த்து ஏறும். குஞ்சுகள் வளர்ந்தபின் கடலுக்குத் திரும்பும். சல்மன் மீனைப் போல உயரத் துள்ளித் தடையைத் தாண்டும் பழக்கம் அதற்கு இல்லை. அணையின் அடியில் வந்து கூட்டமாகத் திகைத்து நிற்கும். அங்கே வலைபோட்டு அள்ளிவிடுவார்கள். முட்டையிட ஏற வந்த மீன் முட்டையோடு சந்தைக்குப் போகும். அணைகளில் மீன் ஏறிச் செல்ல வழி விட வேண்டும், குஞ்சுகளையும் வாரும் சின்னக் கண்ணி வலைகளைத் தடுக்க வேண்டும் என்பவை டேயின் முக்கியமான கோரிக்கைகள்.

பிறகு அவர் விசாரணை இந்தியா, பர்மா முழுவதற்கும் விரிந்தது. இந்திய மீன்வளத்தின் தலைமை ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். மாவட்ட அதிகாரிகளுக்கும் தாசில்தார்களுக்கும் கேள்விகள் அனுப்பிப் பதில்களைத் திரட்டினார். ஆற்று மீன், கடல் மீன் என்று இரண்டு பெரிய அறிக்கைகள் 1873இல் வெளிவந்தன. உப்பு வரி கருவாடு போடும் மீனவரை எப்படி நசுக்குகிறது என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார்.

அரசு அவசரப்படவில்லை. பாசன வருமானம் கண்ணுக்குத் தெரிந்தது. குறைந்துபோகும் மீன் கணக்கில் வரவில்லை. இந்திய மீன்வளச் சட்டம் வந்தது 1897இல். அப்போது டே இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் விட்டுச் சென்ற பெரிய சொத்து, 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வந்த இந்திய மீன்கள் நூல். பெயர் இந்தியா என்றாலும் பர்மாவும் இலங்கையும் அதற்குள் அடக்கம். மீன்களின் படங்களை அவரே வரைந்தார். ஒவ்வொரு மீனுக்கும் இலத்தீன் பெயரோடு நிறுத்தாமல், தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று அந்தந்தக் கரையில் வழங்கும் பெயர்களையும் கிடைத்தவரை எழுதி வைத்தார். மீனவர் வாயில் மட்டும் இருந்த பல பெயர்கள் அச்சுக்கு வந்தது அப்படித்தான். ஆங்கில எழுத்தில் அவர் கேட்டபடி எழுதியதால் சில பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால்தான் நம் சொல் பிடிபடும்.

சொந்த வாழ்க்கை அவருக்குச் சுகமாக அமையவில்லை. இருமுறை மணந்து இரு மனைவியரையும் இழந்தார். 1877இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பின்னும் பிரிட்டிஷ் மியூசியத்தின் மீன் அறிஞர் ஆல்பர்ட் குந்தருடன் இருந்த பகை தீரவில்லை. தான் சேர்த்த மீன்களில் பெரியதொரு பகுதியை 1883இல் சிட்னியிலுள்ள அவுஸ்திரேலிய மியூசியத்துக்கு விற்றார். மீதியும் பல நாடுகளுக்குப் பிரிந்தது. நம் கரையில் பிடிபட்ட மீன்கள் இன்றும் அங்கே போத்தல்களில் இருக்கின்றன. சிட்னியில் வாழும் நம்மவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்காது.

வயிற்றுப் புற்றுநோயோடு போராடிக்கொண்டே தன் கடைசி நூலின் இரண்டு தொகுதிகளையும் முடித்தார். அவை வெளியான 1889ஆம் ஆண்டிலேயே, ஜூலை 10 அன்று, செல்டனம் நகரில் காலமானார்.

அவர் பயந்தது நடந்தது. கீழணையில் பின்னாளில் மீன் ஏணி அமைத்தும் உல்லத்துக்குப் பயன்படவில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்து வெள்ளமும் குறைந்தது. ஒரு காலத்தில் காவிரியில் ஏறிய மீனை இன்று அந்தக் கரையில் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் அதே இனம் இந்த வளைகுடாவிலிருந்து ஷத்துல் அரப் ஆற்றில் இன்னும் ஏறுகிறது. அங்கும் மேலே அணைகள், குறையும் நன்னீர், ஏறிவரும் உப்பு. டே கேட்ட கேள்வி இங்கேயும் கேட்க வேண்டியதாகத்தான் இருக்கிறது.

டே பிள்ளைகளுக்காக எதுவும் எழுதவில்லை. ஆனாலும் பிள்ளைகளுக்கு எழுதுகிறவருக்கு அவர் வேலையில் ஒரு பாடம் உண்டு. மீனைக் கையில் எடுத்துப் பார், பார்த்தபடி வரை, பிடித்தவரிடம் பெயரைக் கேள், கேட்டதை எழுது. பிள்ளைகளின் மீன் புத்தகத்தில் உல்லத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால், அதில் சுபூர் என்ற பெயரும் இருக்கட்டும், வங்காளிக் கடைக்காரர் சொல்லும் இலிஷ் என்ற பெயரும் இருக்கட்டும். மூன்றும் ஒரே மீன்.

மற்ற மீன்களின் பெயர்களுக்கு ஊரிலுள்ள அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ஒரு படம் அனுப்பிக் கேளுங்கள். மன்னாரில் ஒரு பெயர், மயிலிட்டியில் வேறு பெயர் வந்தாலும் இரண்டையும் எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.