விதையை நம்ப வைத்த அமைச்சர்

பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் 30-1-1910 அன்று ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் சி. சுப்பிரமணியம். மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு சட்டம், சுதந்திரப் போராட்டம், சிறை. 1952 முதல் பத்து வருடம் ராஜாஜி, காமராசர் அமைச்சரவைகளில் இருந்தார்.

1964-இல் சாஸ்திரி அவரை மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் ஆக்கினார். அந்த இலாகாவுக்குப் போனவர் பேர் கெட்டுத்தான் வெளியே வருவார் என்ற காலம். அமெரிக்கக் கப்பல் கோதுமை வந்தால்தான் ரேஷன். 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது.

மெக்சிகோவில் போர்லாக் உருவாக்கிய குட்டைக் கோதுமை, உரம் போட்டாலும் சாயாது. அது நல்ல விதை என்று ஆராய்ச்சிப் பண்ணையில் தெரிந்துவிட்டது. விவசாயியை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. ஒரு ஏக்கர்காரர் ஒரு போகம் தோற்றால் அடுத்த போகத்துக்குக் கடன்தான். எங்க ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளில் முதலில் டிரையல் பீஸ் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உற்பத்தி. விவசாயிக்கோ போட்ட பயிரே டிரையல், அதுவே சாப்பாடு.

அதனால் எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள், செயல்விளக்கத் திடலைச் சிறு விவசாயி நிலத்திலேயே போடணும் என்றார்கள். பண்ணையார் வயலில் விளைந்தால், அது விதை இல்லை, பணம் விளைஞ்சதுன்னு ஊர் சொல்லிவிடும். சி.எஸ். இதற்குத் துணை நின்றார். டெல்லியில் தன் பங்களாவின் புல்தரையையே உழுது கோதுமை விதைத்தார்! எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இதுதான்.

எங்க தாத்தாவும் ஐ.ஆர். 8 நெல்லை கிராம சேவக் சொல்லி நம்பவில்லையாம். பக்கத்து வயலில் அறுப்பு முடிஞ்சு மூட்டையை எண்ணின பிறகுதான் விதை கேட்டுப் போனாராம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வயல்தான் நோட்டீஸ்.

வெளிநாட்டு விதை எதற்கு, உரத்துக்கு அந்நியச் செலாவணி ஏது, வசதியானவன்தானே பிழைப்பான் என்று சி.எஸ்.ஸுக்குப் பலத்த எதிர்ப்பு. கடைசிக் கேள்வி நியாயமானதுதான். தண்ணீரும் உரமும் உள்ளவர்களுக்கே முதல் பலன் போனது. ஆனாலும் பசி காத்திருக்காது. 1966-இல் 18,000 டன் விதை மெக்சிகோவிலிருந்து இறங்கியது. அந்தச் சிவப்புக் கோதுமை சப்பாத்திக்குப் பிடிக்கவில்லை என்று குறை வந்தது. அதிலிருந்து நம் விஞ்ஞானிகள் கல்யாண் சோனா, சோனாலிகா என்று வெளிர் நிற ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள்.

பலன் வருவதற்குள் 1967 தேர்தல் வந்துவிட்டது. ரூபாய்க்கு மூணு படி அரிசி என்ற பேச்சு தமிழ்நாடு முழுக்க. உணவு அமைச்சர் கோபிச்செட்டிப்பாளையத்தில் தோற்றார். அடுத்த வருடம் பஞ்சாபில் கோதுமை வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களைத் திறந்துவிட்டார்கள். 1964-65-இல் 1.23 கோடி டன்னாக இருந்த விளைச்சல், 1967-68-இல் 1.65 கோடி டன். அப்போது அவர் பதவியில் இல்லை.

1971-இல் கிருஷ்ணகிரியில் ஜெயித்துத் திரும்பவும் மத்திய அமைச்சரானார். 1998-இல் பாரத ரத்னா. 7-11-2000 அன்று சென்னையில் காலமானார்.