இயற்கையிடம் பாடங்கேட்ட கட்டடக் கலைஞர்

நேர்கோடும் செங்கோணமுமே வீட்டுக்கு இலக்கணம் என்று உலகம் நம்பியிருந்த காலத்தில், மரத்தையும் எலும்பையும் கடலலையையும் ஆசான்களாகக் கொண்டு இல்லங்கள் எழுப்பியவர் அன்டோனி கௌடி. ஸ்பெயின் நாட்டின் கத்தலோனியப் பகுதியில், 1852ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள், கன்னார் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தட்டையான செப்புத் தகடு தந்தையின் சுத்தியலால் கொப்பரையாகக் குழிவதைக் கண்டு வளர்ந்த சிறுவனுக்கு, வடிவங்களை மனக்கண்ணில் முழுமையாகக் காணும் ஆற்றல் வாய்த்தது. ஓடியாடும் பருவத்தில் கீல்வாதம் அவரை ஓரிடத்தில் இருத்தியது. அவ்விருப்பே செடிகொடிகளை உற்றுநோக்கும் பயிற்சியாயிற்று. 1878இல் பார்சலோனாவில் கட்டடக் கலைஞராகத் தேர்ச்சி பெற்றார்.

1883இல் தொடங்கிய காசா விசென்ஸ் இல்லத்தில், அம்மனையில் பூத்திருந்த மஞ்சள் மலர்கள் சுவரின் வண்ண ஓடுகளில் இடம்பெற்றன. அங்கு நின்ற பனையினத்தின் ஓலை இரும்பு வேலியில் வடிவம் பெற்றது. ஸ்பெயினில் முஸ்லிம்கள் வளர்த்த கட்டடக் கலையின் சாயலும் அவ்வில்லத்தில் உண்டு.

நாளடைவில், இயற்கையின் அழகோடு அதன் காரண காரியத்தையும் அவர் கற்றார். 1904 முதல் 1906 வரை புதுப்பித்த காசா பாட்லோவின் நடுமுற்றச் சுவரில், மேலே அடர்நீல ஓடுகளையும் கீழே செல்லச்செல்ல வெளிர்நிற ஓடுகளையும் பதித்தார். மேல்தளச் சாளரங்களைச் சிறியனவாகவும் கீழ்தளச் சாளரங்களைப் பெரியனவாகவும் அமைத்தார். அதனால் வானொளி எல்லாத் தளத்தாருக்கும் ஒப்பக் கிடைத்தது.

1906இல் தொடங்கிய காசா மிலாவின் முகப்பு அலைபோல் நெளிவது. எலும்புக்கூடு உடலைத் தாங்குவதுபோல் தூண்களே பாரம் தாங்குவதால், அறைச்சுவர்களை வேண்டியவாறு மாற்றிக்கொள்ளலாம். தொங்கும் சங்கிலியின் வளைவைத் தலைகீழாக்கினால் உறுதியான வில்வளைவு கிடைக்கும். அவ்வுண்மையே மேல்மாடத்தின் செங்கல் வளைவுகளாயிற்று. நகரத்தாரோ அதனைக் கல்லுடைக்கும் குழியென்று எள்ளினர். உரிமையாளரோடு எழுந்த ஊதியப் பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. அதுவே அவர் கட்டிய இறுதி இல்லம்.

எஞ்சிய ஆண்டுகளைச் சக்ராதா பமீலியா தேவாலயப் பணிக்கே ஈந்தார். 1926 சூன் 7ஆம் நாள் டிராம் வண்டி மோதி வீழ்ந்தபோது, எளிய உடையைக் கண்டோர் இரவலர் எனக் கருதினர், உதவி தாமதமாயிற்று. சூன் 10ஆம் நாள் மறைந்தார்.

எள்ளப்பட்ட காசா மிலாவை 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வமாக ஏற்றது. ஆடையைக் கண்டு மனிதரையும், புறத்தோற்றத்தைக் கண்டு படைப்பையும் எடைபோடுதல் பிழை என்பதை இவ்வாழ்வு உணர்த்துகிறது. மாணவர் உற்றுநோக்கக் கற்பாராக. ஒரு மரத்தடியும் அவர்க்கு வகுப்பறையாகும்.