தீனபந்து மித்ராவும் வங்கப் பொது அரங்கின் தோற்றமும்

வங்க நாடக வரலாற்றில் தீனபந்து மித்ராவின் (1830–1873) இடம் பெரும்பாலும் நீல் தர்ப்பண் என்னும் ஒரு நாடகத்தைக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. பொது அரங்கின் தோற்றத்திற்கு அவருடைய பிற நாடகங்கள் ஆற்றிய பங்கும் அதற்கு இணையாகக் கருதத்தக்கது.

நதியா மாவட்டத்துச் சௌபேரியா என்னும் சிற்றூரில் பிறந்த அவருக்கு இடப்பட்ட பெயர் கந்தர்வ நாராயணன். எளியோர்க்கு உறவானவன் எனப் பொருள்படும் தீனபந்து என்னும் பெயர் அவரே பின்னர் ஏற்றுக்கொண்டதாகும். அஞ்சல் துறைப் பணியின் பொருட்டுச் சிற்றூர்தோறும் பயணம் செய்தமையால், அவுரி பயிரிடுமாறு வெள்ளையரான தோட்ட முதலாளிகளால் வற்புறுத்தப்பட்ட உழவர்களின் துயரத்தை அவர் நேரில் அறிந்தார்.

அவுரி உழவர் கிளர்ச்சியை ஒட்டி 1860இல் டாக்காவில் நீல் தர்ப்பண் வெளிவந்தது. அரசு ஊழியராதலின் நூலில் ஆசிரியர் பெயர் இடம்பெறவில்லை. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட பாதிரியார் ஜேம்ஸ் லாங், 1861இல் அவதூறு வழக்கில் ஒரு மாதச் சிறைத்தண்டனையும் 1000 ரூபாய் அபராதமும் பெற்றார். அபராதத் தொகையைக் காளி பிரசன்ன சிங்கர் செலுத்தினார்.

அக்காலத்தில் கல்கத்தாவின் நாடகங்கள் செல்வர் மாளிகைகளில், அழைக்கப்பட்டோர் முன்னிலையில் மட்டுமே நிகழ்ந்தன. புராண, வரலாற்று நாடகங்களுக்கு உரிய ஆடையணிகளுக்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. தீனபந்துவின் சதபார் ஏகாதசி, லீலாவதி ஆகியவை சமகாலக் குடும்ப வாழ்வைச் சித்திரித்தமையால் அன்றாட உடையிலேயே நடிக்கத்தக்கனவாக இருந்தன. பொருள்வளமற்ற பாக்பஜார் இளைஞர்கள் இவற்றை மேடையேற்றிப் பயிற்சி பெற்றனர். அவர்களுள் ஒருவரான கிரீஷ் சந்திர கோஷ், இந்நாடகங்கள் இன்றேல் தேசிய அரங்கைத் தோற்றுவிக்கும் துணிவு அவ்விளைஞர்களுக்கு வாய்த்திராது எனப் பிற்காலத்தில் நன்றியுடன் குறிப்பிட்டார்.

1872 டிசம்பர் 7 அன்று, ஜோராசாங்கோவில் மதுசூதன சான்யால் இல்லத்தில் தேசிய அரங்கு நீல் தர்ப்பண் நாடகத்துடன் தொடங்கியது. நுழைவுச்சீட்டு பெற்ற எவரும் அதனைக் காண இயன்றது. அரசுப் பணியின் பொருட்டு மறைக்கப்பட்ட பெயருக்கு உரியவரின் படைப்பே பொதுமக்கள் அரங்கின் முதல் நாடகமாயிற்று. ஓராண்டு நிறைவதற்குள், 1873 நவம்பர் 1 அன்று, அவர் மறைந்தார்.

1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துச் சட்டத்திற்கு நீல் தர்ப்பணமே காரணம் எனக் கூறுவதுண்டு. அதற்கு உடனடிக் காரணமாயிருந்தது வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி எழுந்த அங்கத நாடகமாகும். எனினும் அரசு அஞ்சத்தக்க ஆற்றலை மேடைக்கு ஈந்த முன்னோடி தீனபந்துவே. தமிழ்நாட்டுத் தேசிய நாடகங்களையும் பின்னர்க் கட்டுப்படுத்திய அச்சட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர், தீனபந்துவிலிருந்து தொடங்குவதே பொருத்தமாகும்.