வால்ட்டர் ஸ்காட்டின் எழுதுகோல்

ஸ்காத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் 1771-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் பிறந்த வால்ட்டர் ஸ்காட், இரண்டாண்டு நிரம்புமுன்னரே இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் ஊனமுற்றார். நாட்டுப்புறக் காற்று நலந்தரும் என்று கருதிப் பெற்றோர் அவரைத் தென்னெல்லைப்புறத்திலிருந்த பாட்டனாரின் பண்ணைக்கு அனுப்பினர். கால் நேராகவில்லை, ஆயினும் அங்கு முதியோர் கூறிய போர்க்கதைகளும் நாடோடிப் பாடல்களும் அக்குழந்தையின் உள்ளத்திற் குடிகொண்டன. பிற்காலத்து நாவல்கட்கெல்லாம் ஊற்று அதுவே என்பது நம் துணிபு.

நீதிமன்ற அலுவலராயிருந்த அவர், விடியலிலேயே எழுந்து, வீட்டார் காலையுணவிற்குக் கூடுமுன் அன்றைய எழுத்துவேலையிற் பெரும்பகுதியை முடித்துவிடுவார். (பரீட்சைக்கு முந்திய இரவில் மட்டும் விளக்கேற்றும் நண்பர்கள் இதனைக் கவனிப்பாராக!) முதல் நாவலாகிய 'வேவர்லி'யைச் சில அதிகாரங்களோடு நிறுத்தி மறந்திருந்தார். தூண்டிற் கருவிகளைத் தேடியபொழுது அக்கையெழுத்துப்படி பழைய மேசையொன்றில் அகப்பட்டது. அதன் இறுதி இரு பாகங்களையும் 1814-இல் மூன்றே வாரங்களில் எழுதி முடித்தார். அண்டை வீடொன்றில் விருந்திற்குக் கூடிய இளைஞர் சிலர், சாளரத்தின் வழியே ஒரு கை மட்டும் தாள்மேல் தாளாக ஓயாது எழுதுவதைக் கண்டு திகைத்தனராம். நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. முதற்பதிப்பின் 1,000 படிகளும் சில வாரங்களில் தீர்ந்தன. கவிஞரென்று புகழ்பெற்றிருந்தவர், நாவலாசிரியரும் தாமே என்பதைப் பொதுவில் ஒப்புக்கொள்ள 1827 வரை இசைந்தாரில்லை.

1826-இல் அவர் பங்குகொண்டிருந்த அச்சகமும் அவர் நூல்களை வெளியிட்ட நிலையமும் ஒருங்கே வீழ்ந்தன. ஏறக்குறைய 1,20,000 பவுன் கடன் அவர் தலைமேல் வந்தது. திவாலானவரென்று சட்டத்தின் நிழலில் ஒதுங்கியிருக்கலாம். நண்பர்களும் பொருளுதவ முன்வந்தனர். இரண்டையும் மறுத்து, எழுதியே தீர்ப்பதென்று 54-ஆம் வயதில் உறுதிபூண்டார். அவ்வாண்டு மே மாதத்தில் மனைவியாரும் மறைந்தார். அத்துயரிடையேயும் எழுத்து நிற்கவில்லை. நெப்போலியன் வரலாறு ஒன்பது பாகங்களாக மறு ஆண்டில் வெளிப்போந்தது.

இவ்வாறு விரைந்தெழுதியவற்றுட் பல, பழைய நாவல்களின் அருகே நில்லா. கலை கடனுக்கு அடிமையாயிற்று என்று வருந்துவாரும் உளர். நாம் அவ்வாறு கருதுகிலேம். முன்னரும் அவர் பொருள்வேண்டியே எழுதினார். அன்று ஆபட்ஸ்பர்டு மாளிகையை எழுப்புதற்கு, இன்று பிறர் பணத்தைத் திருப்பியளித்தற்கு என்பதே வேற்றுமை.

வாதம் தாக்கிய பின்னும் விட்டாரில்லை. 1832-இல் இத்தாலியினின்று நோயுற்று மீண்டவர், ஒருநாள் தம்மை எழுதுமேசையருகே கொண்டுசெல்லுமாறு வேண்டினார். மகளார் பேனாவைக் கையில் வைத்தார். விரல்கள் மடங்க மறுத்தன. பேனா தாளின்மேல் வீழ்ந்தது. செப்டம்பர் 21-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். எஞ்சிய கடன் அவர் நூல்களின் உரிமையைக்கொண்டு பின்னர் அடைக்கப்பட்டது.