குரலைத் தாழ்த்தி வென்றவர்

பழைய ஆங்கிலப் பாட்டுப் பிரியரா நீங்கள்? அப்படியானால் ஜிம் ரீவ்ஸை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1923-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் பிறந்தவர். பேஸ்பால் வீரராகும் கனவைக் காயம் கலைத்தது, வானொலி அறிவிப்பாளரானார். கிராமத்துக் ‘கன்ட்ரி’ பாடல்களை முதலில் உரத்த குரலில்தான் பாடினார். 1957-இல் ‘ஃபோர் வால்ஸ்’ பாட்டுக்காக மைக்கை ஒட்டி நின்று, காதோடு பேசுவதுபோல் பாடிப் பார்த்தார். அதுவே அவர் பாணியானது.

1959-இல் வெளியான ‘ஹீல் ஹாவ் டு கோ’, இன்னொருவனுடன் இருக்கும் காதலியிடம் தொலைபேசியில் ஒருவன் உருகும் பாட்டு. கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம். கன்ட்ரி கேட்காதவர்களும் விரும்பியதால் பாப் பட்டியலிலும் 2-ஆம் இடம்!

1964 ஜூலை 31-இல், அவரே ஓட்டிய சிறு விமானம் நாஷ்வில் அருகே மழையில் சிக்கி விழுந்தது. வயது 40தான். மீதமிருந்த பதிவுகளை மனைவி மேரி தொடர்ந்து வெளிவரச் செய்தார்.

இன்றிரவு கேட்டுப் பாருங்கள். சத்தத்தைக் கூட்டவே தேவையிருக்காது.